வெப்பத்தைத் தடுக்கும் சேர்மங்கள்: விண்கலம் முதல் வீட்டுச் சுவர் வரை



அறிவியல் தலைப்பில் ஒரு கருத்துணர்தல் பகுதியோ விளக்கக் கட்டுரையோ வந்துவிட்டால் மாணவர்கள் பலர் தயங்குகிறார்கள். தமிழ் தெரியாததால் அல்ல. விஷயம் முழுதாகப் புரியாததால்தான். விஷயம் புரிந்துவிட்டால் சொல் தானாக வந்துவிடும். ஆகவே, இம்முறை ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதை அடி முதல் நுனி வரை விளக்கலாம் என்று நினைக்கிறேன். தலைப்பு இதுதான்: வேதியியல் சேர்மங்கள் எப்படி வெப்பக் கவசமாகவும் வெப்பக் காப்பாகவும் பயன்படுகின்றன?

கட்டுரையின் கடைசியில் கலைச்சொல் விளக்கமும் பயிற்சி வினாக்களும் உள்ளன. ஆசிரியர்கள் அவற்றை வகுப்பில் அப்படியே பயன்படுத்தலாம்.

1. முதலில் அடிப்படை

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பம் என்பது ஓர் ஆற்றல். வெப்பநிலை என்பது ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் அளவு. ஒரு தீப்பொறியின் வெப்பநிலை மிக அதிகம். ஆனால் அது கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு வாளி வெந்நீரின் வெப்பநிலை அதைவிடக் குறைவு. அது மேலே கொட்டினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வாளியில் இருக்கும் வெப்பம் அதிகம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். போவதற்கு மூன்று வழிகள் உண்டு.

கடத்தல்: கரண்டியின் ஒரு முனை குழம்பில் இருந்தால் மறுமுனையும் சுடும்.

சலனம்: சூடான காற்றோ நீரோ மேலே எழும்பி, குளிர்ந்தது கீழே இறங்கும்.

கதிர்வீச்சு: சூரிய வெப்பம் வெற்றிடத்தைக் கடந்து நம்மை வந்தடைகிறது.

வெப்பக் காப்பு என்றால் இந்த மூன்று வழிகளையும் முடிந்தவரை அடைப்பதுதான். 1892இல் ஜேம்ஸ் டூவர் வடிவமைத்த வெற்றிடக் குடுவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதையே நாம் தெர்மோஸ் ஃபிளாஸ்க் என்கிறோம். இரண்டு சுவர்களுக்கு இடையே காற்று இல்லை. எனவே கடத்தலுக்கும் சலனத்துக்கும் அங்கே வேலை இல்லை. சுவரில் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. எனவே கதிர்வீச்சு திருப்பி அனுப்பப்படுகிறது.

2. காற்றைக் கட்டிப்போடும் வித்தை

எல்லா இடத்திலும் வெற்றிடம் உண்டாக்க முடியாது. அதற்கு அடுத்த நல்ல வழி காற்றுதான். காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஓர் ஒப்பீடு பாருங்கள். வெப்பங்கடத்து திறன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 237, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1, அசையாத காற்றுக்கோ 0.026 மட்டுமே. (அலகு: ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு, இத்தனை வாட்.)

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று சும்மா இருக்காது. சூடானால் மேலே போகும், சலனம் தொடங்கிவிடும். ஆகவே காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் அடைத்து, நகர விடாமல் செய்ய வேண்டும். கம்பளி, பஞ்சு, கண்ணாடி இழை, பாலியூரித்தேன் நுரை, பாலிஸ்டைரீன் குவளை எல்லாம் இதைத்தான் செய்கின்றன. வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு உள்ளே சிறைப்பட்டிருக்கும் வாயுவுடையது. சேர்மம் அந்த வாயுவுக்குச் சிறைச்சாலை.

இந்த வித்தையின் உச்சம் ஏரோஜெல். அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் 1931இல் இதை உருவாக்கினார். கூழ் போன்ற ஒரு பொருளிலிருந்து, அதன் எலும்புக்கூடு இடிந்து விழாதபடி, திரவத்தை மட்டும் எடுத்துவிட்டால் கிடைப்பது ஏரோஜெல். சிலிக்கா ஏரோஜெல்லின் கன அளவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் காற்றாக இருக்க முடியும். அதன் துளைகள் மிக நுண்ணியவை. ஒரு காற்று மூலக்கூறு இன்னொரு மூலக்கூறை இடித்து ஆற்றலைக் கைமாற்றுவதற்கு முன்பே துளையின் சுவரில் முட்டிவிடும். அதனால் ஏரோஜெல் காற்றைவிடவும் மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது. 1997இல் செவ்வாயில் ஓடிய சோஜர்னர் ஊர்திக்குள் இருந்த மின்னணுக் கருவிகளை அந்தக் கடுங்குளிரிலிருந்து காத்ததில் இதற்குப் பங்கு உண்டு.

3. திரும்பி வரும் விண்கலம் ஏன் கொதிக்கிறது?

மாணவர்களிடம் கேட்டால் "காற்றோட உராயுறதால டீச்சர்" என்று உடனே சொல்வார்கள். பல கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். உராய்வுக்கு ஒரு பங்கு உண்டு என்பது சரி. ஆனால் முதன்மைக் காரணம் அழுத்தம். விண்கலம் மிக வேகமாக வருவதால் முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகிப் போக நேரம் கிடைப்பதில்லை. அது நசுங்குகிறது, நசுங்கிய காற்று பயங்கரமாகச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பெரும்பங்கு இதே விளைவுதான்.

எவ்வளவு ஆற்றல் என்று ஒரு கணக்குப் போடுவோம். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் விண்கலத்தின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 30 மெகாஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 12 கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்க இது ஏறக்குறையப் போதும். நிலவிலிருந்து திரும்பும் கலம் வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆற்றலோ இரு மடங்காகிவிடுகிறது.

தரையிறங்குவதற்குள் இந்த ஆற்றல் முழுவதையும் எங்காவது தள்ளிவிட வேண்டும். 1950களின் தொடக்கத்தில் ஹார்வி ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அதுவரை எல்லாரும் கலம் ஊசிபோலக் கூராக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மழுங்கலாக இருந்தால்தான் நல்லது என்றார் அவர். மழுங்கிய முகப்புக்கு முன்னால் அதிர்வலை சற்றுத் தள்ளியே நிற்கும்; வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு காற்றாகப் போய்விடும். மீதி வெப்பம்தான் கலத்தைத் தொடும். அந்த மீதியைச் சமாளிக்கத்தான் சேர்மங்கள் வேண்டும்.

4. தன்னை எரித்துக் காக்கும் கவசம்

அப்பல்லோ கலங்களில் பயன்பட்டது 'அவ்கோட்' என்னும் பொருள். எப்பாக்சி நோவோலாக் பிசினில் சிலிக்கா இழைகளைக் கலந்து, தேன்கூடு போன்ற கண்ணாடியிழைச் சட்டத்தின் அறைகளில் நிரப்பினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையால் இயக்கும் கருவி கொண்டு நிரப்பினார்கள். 

"எரிஞ்சு போற பொருள் எப்படி டீச்சர் காப்பாத்தும்?" என்று ஒரு மாணவர் கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள், அது மிக நல்ல கேள்வி. விடையைப் படிப்படியாகச் சொல்லலாம்.

ஒன்று, பிசின் சிதைவதற்கே ஆற்றல் தேவை. வந்த வெப்பத்தில் ஒரு பகுதி இந்த வேதிச் சிதைவுக்குச் செலவாகிறது. 

இரண்டு, சிதையும்போது வாயு வெளிவருகிறது. அந்த வாயு கவசத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வைபோல் படர்ந்து, சூடான காற்றை வெளியே தள்ளுகிறது. 

மூன்று, எரிந்த பகுதி கரியாக மாறுகிறது. கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. செந்தழலாக ஒளிர்ந்து வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே திருப்பி அனுப்புகிறது. 

நான்கு, மேற்பரப்பு தேய்ந்து உதிரும்போது தன்னிடமுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

இதை நாம் 'தேய்மானக் கவசம்' என்று சொல்லலாம். 2006 ஜனவரியில், வால்வெள்ளித் துகளோடு திரும்பிய ஸ்டார்டஸ்ட் கலம் வினாடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. அதைக் காத்தது கரி இழையில் ஃபீனாலிக் பிசினை ஊறவைத்துச் செய்த இன்னொரு தேய்மானக் கவசம்.

மேலே சொன்ன இரண்டாம் படி எவ்வளவு முக்கியம் என்பதை அண்மைய நிகழ்வு ஒன்று காட்டியது. 2022 டிசம்பர் 11இல், ஆள் இல்லாமல் நிலவைச் சுற்றித் திரும்பிய ஓரியன் கலத்தின் கவசத்தில், எதிர்பாராத விதமாகப் பல இடங்களில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. உள்ளே உண்டான வாயு வெளியேறப் போதிய நுண்துளைகள் கவசத்தில் இல்லை. வாயு சிக்கிக்கொண்டு அழுத்தம் ஏறியது. பொருள் வெடித்துப் பெயர்ந்தது. பானையை இறுக்கி மூடினால் மூடி தூக்கி அடிக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

5. எரியாமல் காக்கும் ஓடு

தேய்மானக் கவசம் பொதுவாக ஒரு முறைப் பயணத்துக்கானது. திரும்பத் திரும்பப் பறக்க வேண்டிய அமெரிக்க விண்ணோடத்துக்கு அது ஒத்துவராது. விண்ணோடத்தின் உடல் அலுமினியம். அது 175 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெளியே பல இடங்களில் 1,000 பாகைக்கு மேல் சுடும். இடையில் இருந்தது சில சென்டிமீட்டர் தடிப்புள்ள ஓடு.

அந்த ஓடு எதனால் ஆனது? சிலிக்கா, அதாவது சிலிக்கன் டைஆக்சைடு. கடற்கரை மணலில் மிகுதியாக இருக்கும் அதே சேர்மம்தான். மிகத் தூய சிலிக்காவை இழைகளாக்கி, பஞ்சுபோல் கோத்துச் சுட்டார்கள். முக்கிய வகை ஓட்டின் கன அளவில் 94 விழுக்காடு வெற்றிடம்; ஒரு கன மீட்டருக்கு எடை 144 கிலோகிராம் மட்டுமே. அது 1,260 பாகை வரை தாங்கும். சூளையிலிருந்து எடுத்த சில வினாடிகளில், நடுப்பகுதி இன்னும் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே, அதன் ஓரங்களை வெறும் விரலால் பிடிக்கலாம். முதல் பகுதியில் சொன்ன தீப்பொறியை நினைவுகூருங்கள். வெப்பநிலை அதிகம், ஆனால் ஓரத்தில் இருக்கும் வெப்பம் குறைவு, உள்ளே இருக்கும் வெப்பம் விரலுக்கு வருவதோ மிக மெதுவு.

ஓட்டின் மேல் கறுப்பான போரோசிலிகேட் கண்ணாடிப் பூச்சு இருந்தது. கறுப்பு வெப்பத்தை ஈர்க்குமே என்று தோன்றும். நன்றாக ஈர்க்கும் பரப்பு நன்றாக வெளிவிடவும் செய்யும். வந்த வெப்பத்தில் பெரும்பகுதியை இந்தப் பூச்சு கதிர்வீச்சாகத் திருப்பி அனுப்பியது.

ஆனால் ஓட்டுக்குப் பலவீனங்களும் இருந்தன. அது எளிதில் நொறுங்கும். உலோகம் போல் விரிந்து சுருங்காது. ஆகவே நேரடியாக ஒட்டாமல், இடையில் ஒரு துணிப் பட்டையை வைத்து, சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். பஞ்சுபோல் இருப்பதால் மழைநீரை உறிஞ்சிவிடும். அதைத் தடுக்க டைமெத்தில் எத்தாக்சி சிலேன் என்னும் சேர்மத்தை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடுகளுக்குள் செலுத்தினார்கள். ஒரு விண்ணோடத்தில் 24,000க்கும் மேற்பட்ட ஓடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி இடம்.

மூக்கு முனையும் இறக்கையின் முன்விளிம்பும் இன்னும் கடுமையாகச் சுடும். அங்கே சிலிக்கா போதாது. கரி இழையால் வலுவூட்டிய கரித் தகடுகளை வைத்தார்கள்.

6. கொலம்பியா சொல்லும் பாடம்

விண்ணோடத்தின் பெரிய எரிபொருள் கலனில் −253 பாகையில் திரவ ஹைட்ரஜனும் −183 பாகையில் திரவ ஆக்சிஜனும் இருந்தன. கலனைச் சுற்றி நுரைக் காப்பு. திரவம் சூடாகாமல் பார்ப்பது அதன் ஒரு வேலை. வெளிப்புறத்தில் பனிக்கட்டி உறையாமல் தடுப்பது இன்னொரு வேலை. பனிக்கட்டி உடைந்து விழுந்தால் ஓடுகள் சேதமாகும் அல்லவா?

2003 ஜனவரி 16இல் கொலம்பியா புறப்பட்டு 82 வினாடிகளுக்குள், அந்த நுரையே ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவுதான். காப்புப் பொருள் ஒன்று கவசப் பொருள் ஒன்றை உடைத்துவிட்டது.

நுரை பெயர்வது புதிதல்ல. முந்திய பயணங்களிலும் பெயர்ந்திருக்கிறது; ஒன்றும் ஆகவில்லை. "போன தடவையும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம் பழகிப்போனது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கோரிக்கையை நிறைவேற்றவில்லை.

பிப்ரவரி 1ஆம் தேதி, தரையிறங்க ஏறக்குறைய 16 நிமிடங்கள் இருந்தபோது, கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. முன்விளிம்பின் உடைப்பு வழியாகக் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்து அலுமினியச் சட்டத்தை உருக்கிவிட்டிருந்தது. இந்தியாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் உயிரிழந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில், விசாரணைக் குழுவுக்காக நுரைத் துண்டு ஒன்றை அதே மாதிரித் தகட்டின்மீது வேகமாகச் செலுத்திச் சோதித்தார்கள். தகட்டில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது. நுரை எவ்வளவு குற்றவாளியோ, அந்த அமைப்பின் செயல்பாட்டுப் பண்பாடும் அவ்வளவு குற்றவாளி என்று குழு முடிவு சொன்னது.

2005 ஜூலையில் பயணங்கள் மீண்டும் தொடங்கியபோது, விண்வெளியிலேயே கவசத்தைப் படமெடுத்துப் பரிசோதிப்பது வழக்கமாக்கப்பட்டது. மாணவர்களே, அறிவியல் கட்டுரையில் 'படிப்பினை' என்று ஒரு பத்தி எழுத வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

7. நம் சுவருக்குள் இருப்பது என்ன?

விண்வெளியை விட்டுத் தரைக்கு வருவோம். உங்கள் வகுப்பறைக் கூரைப் பலகையோ தடுப்புச் சுவரோ ஜிப்சம் பலகையாக இருக்கலாம். ஜிப்சம் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஏறக்குறைய 21 விழுக்காடு படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகத் தொடங்கும். நீர் முழுதும் போகும்வரை பலகையின் பின்புறம் 100 பாகையை ஒட்டியே நிற்கும். ஆட்கள் வெளியேற அந்த நேரம் கிடைக்கிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகியவையும் சூடானால் நீரை வெளிவிடுபவை. மின்கம்பி உறைகளில் தீத்தடுப்புக்காக இவற்றைச் சேர்க்கிறார்கள். எஃகுத் தூண்களில் பூசும் ஒருவகைச் சாயம், தீயில் பல மடங்கு உப்பிக் கரிநுரையாக மாறித் தூணைக் காக்கிறது. அப்பல்லோ கவசத்தின் கொள்கையை ஒட்டியதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெப்பக் காப்பு வேறு, தீத்தடுப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் ஆபத்து. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக்கு, வீடுகள் கதகதப்பாக இருக்க வெளிப்புறத்தில் நுரைக் காப்புப் பலகையும் அதன்மேல் அலங்காரத் தகடும் பொருத்தினார்கள். அந்தத் தகட்டின் உள்ளே இருந்தது எளிதில் எரியும் பாலிஎத்திலீன். 2017 ஜூன் 14இல் பிடித்த தீ கட்டடத்தின் வெளிப்புறமாகவே வேகமாகப் பரவியது. 72 பேர் உயிரிழந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ அந்தத் தகடே முதன்மைக் காரணம் என்றும், நுரைப் பலகையும் அதற்குத் துணைபோனது என்றும் விசாரணை கண்டது.

தீயில் எரியாத பொருள் என்றால் எல்லாம் நல்லதா? அதுவும் இல்லை. கல்நார், நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வது, இயற்கையான சிலிகேட் கனிமம். எரியாது, வெப்பத்தை எளிதில் கடத்தாது, விலையும் மலிவு. ஆனால் அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகளுக்குப் பிறகுகூடப் புற்றுநோய் வரலாம். சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் அதைப் பயன்படுத்தத் தடை. பழைய கட்டடங்களில் இன்னும் இருக்கக்கூடும். உடைப்பதோ துளையிடுவதோ கூடாது.

8. வகுப்பறைக்கு

சில சொற்களைத் தெளிவாக்குவோம்.

சேர்மம்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் வேதிமுறையில் இணைந்தது. சிலிக்கா சேர்மம், காற்று கலவை. இதை மாற்றி எழுதாதீர்கள்.

அரிதில் கடத்தி: வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். 'கடத்தவே கடத்தாத பொருள்' என்று எழுதினால் தவறு.

வெப்பக் கவசம்: குறுகிய நேரத்தில் வரும் கடும் வெப்பத்தைத் தாங்கி விலக்குவது. வெப்பக் காப்பு: வெப்பம் இடம் மாறுவதை மெதுவாக்குவது, உள்ளே இருப்பது வெந்நீரானாலும் ஐஸ் தண்ணீரானாலும் அதன் வேலை ஒன்றுதான்.

இலக்கணக் குறிப்பு: வெப்பம் + கவசம் = வெப்பக் கவசம். நிலைமொழியின் மகர மெய் கெட்டு, வருமொழியின் வல்லினம் மிகுந்தது. வெப்பநிலை என்பதில் மகரம் கெட்டாலும் ஒற்று மிகவில்லை. காரணம், வருமொழி 'நி' என்னும் மெல்லினத்தில் தொடங்குகிறது. 'வெப்பகவசம்' என்று எழுதுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

பயிற்சி வினாக்கள்:

1. வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிலிக்கா ஓட்டைக் கொண்டு விளக்குக.
2. தேய்மானக் கவசம் கலத்தைக் காக்கும் நான்கு வழிகளை உன் சொந்த வாக்கியத்தில் எழுதுக.
3. கொலம்பியா விபத்துக்குப் பொருள் காரணம் ஒன்றையும் மனிதக் காரணம் ஒன்றையும் குறிப்பிடுக.
4. 'நல்ல வெப்பக் காப்புப் பொருள் பாதுகாப்பான பொருளாகவும் இருக்கும்.' இக்கூற்றை ஏற்கிறாயா? இரண்டு சான்றுகளோடு எழுதுக.

நான்காவது வினாவுக்கு ஒரு குறிப்பு. 'ஏற்கவில்லை' என்று சொன்னால் மட்டும் போதாது. கிரென்ஃபெல், கல்நார் இரண்டையும் சொல்லி, ஒன்றில் ஆபத்து எரிவதால், மற்றொன்றில் ஆபத்து இழையால் என்று பிரித்துக் காட்டுங்கள். 'ஏனெனில்', 'இதன் விளைவாக', 'ஆயினும்' ஆகிய இணைப்புச் சொற்களை இடமறிந்து போடுங்கள்.

ஆசிரியர்களே, நேரம் இருந்தால் ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரியான மூன்று குவளைகளில் ஒரே அளவு வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். ஒன்றைத் துணியாலும் ஒன்றை அலுமினியத் தாளாலும் சுற்றுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு, கண்டதை ஒரு பத்தியாகத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தாங்களே அளந்து பார்த்ததை எழுதும்போது மாணவர்களுக்கு வாக்கியம் தடுமாறாது.